வடை ஒரு கட்சி, டம்ளர் ஒரு கட்சி

தேசியக் கணித மையத்தின் உயர்நிலைப் பயிற்சிப் பள்ளி என்றால் பெரும்பாலும் மூன்று வாரம். தங்க அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, மீதி நேரமெல்லாம் பாடம். புதுச்சேரியின் காலாப்பட்டில் நடக்கும் பள்ளியில் அந்தப் பாடம் ஓட்டை எண்ணுவது. அல்ஜிப்ரைக் டோபாலஜி, சுருங்கச் சொன்னால், அதுதான். அங்கே கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இளசுகள் எண்ணுவார்களா என்பது வேறு விஷயம்.

பாடநூலில் டோனட்டும் கைப்பிடி வைத்த காபிக் கோப்பையும் ஒன்று; இரண்டுக்கும் ஓட்டை ஒன்றே. புதுச்சேரி மெஸ்ஸில் இது செல்லாது. மெதுவடைக்கு ஓட்டை உண்டு; டம்ளருக்குக் கைப்பிடியே கிடையாது. கணிதப்படி டம்ளர், இட்லிக்குத்தான் பங்காளி.

இத்துறைக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சுக் கணிதர் புவான்கரேயின் கட்டுரை 1895இல் வந்தபோது இவ்வூரும் பிரெஞ்சு மண்தான். பெருமையில் பங்கு கேட்கலாம். ஆனால், உண்டு உறைந்து படித்ததில் இன்னொரு பிரெஞ்சுக் கணிதர் ழான் லெரேயை மிஞ்ச ஆளில்லை. 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, ஆஸ்திரியாவில் கைதி முகாம். கைதிகளே நடத்திய பல்கலைக்கழகத்துக்கு அவர்தான் தலைவர். திரவ இயக்கவியல் தெரியுமென்றால் போர் வேலைக்கு இழுத்துவிடுவார்களே என்று, எதற்கும் உதவாத டோபாலஜிக்காரராகக் காட்டிக்கொண்டார். அங்கே முளைத்த, ஓட்டை எண்ண உதவும் கருவியான ஸ்பெக்ட்ரல் சீக்வென்ஸைத்தான் நம் பிள்ளைகள் இப்போது மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும். கைதிக்காவது ஐந்து வருடம் கொடுத்தார்கள்.