பெரியப்பாவுக்கு ஓர் உத்தியோக விளக்கம்

சன்னிவேல், கலிபோர்னியா
மார்ச் 2024

பெரியப்பா அவர்களுக்கு,

பொதுப்பணித் துறையில் ஒரே நாற்காலியில் அமர்ந்து, மராமத்துக் கோப்புகளுக்கு நடுவே தலை நரைத்து, மாலை மரியாதையுடன் ஓய்வு பெற்ற தாங்கள், "காலை முதல் மாலை வரை அங்கே என்னதான் செய்கிறாய்?" என்று வினவியிருந்தீர்கள். காலையில் எங்கள் மென்பொருள் குழு வட்டமாக நின்றபடி ஒரு சபை கூட்டும். நேற்று செய்தது, இன்று செய்யப்போவது, இடையே நிற்கும் தடை ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் ஒப்பிப்போம். நிற்க வைத்தால் பேச்சுச் சுருங்கும் என்று யாரோ நல்ல எண்ணத்துடன் ஏற்படுத்திய சம்பிரதாயம் இது; நின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேச வல்லவர்களை அந்த மகானுபாவர் சந்தித்ததில்லை போலும். பிறகு, நாங்களே புகுத்திய 'பக்' என்னும் பிழைகளை நாங்களே தேடிப் பிடித்துப் பாராட்டுப் பெறுவோம். முறை வைத்து ஒரு வாரம் தலைமாட்டில் தொலைபேசியுடன் உறங்குவதும் உண்டு. நடுநிசியில் எங்கேனும் ஒரு சர்வர் மயங்கி விழுந்தால், வைத்தியனாக எழுப்பப்படுபவன் அடியேன்.

இவையெல்லாம் சகிக்கக்கூடியவையே. சகிக்க முடியாதது வருஷாந்தர மதிப்பீடு. அவரவர் பெருமையை அவரவரே பக்கம் பக்கமாக எழுதித் தர வேண்டும். அரசவைக்கு ஓலை விடுக்கையிலும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிராளி பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நன்னூலார் நான்கே இடங்களில் அனுமதி தந்தார். எங்கள் மதிப்பீட்டில் நான்கும் ஒருங்கே வாய்த்திருக்கின்றன: ஓலை மானேஜருக்கு, ஆற்றலை அறியாதவர் அவருக்கும் மேலுள்ளவர், அவையோ மூடிய அறையில் கூடுவது, பழிப்பதற்குச் சக ஊழியர்களின் அபிப்பிராயங்கள் இருக்கின்றன. ஆகவே இலக்கணப்படி நான் செய்வது குற்றமன்று. ஆயினும், "நான் இல்லாவிடில் இக்காரியம் நடந்திராது" என்று எழுதும்போதெல்லாம் தங்கள் முகம் கண்முன் வந்து கை கூசுகிறது.

சம்பளத்துடன் கம்பெனியின் பங்குகளையும் நான்கு வருஷத் தவணையில் தருகிறார்கள். விலை ஏறும் மாதத்தில் நண்பர்கள் வீடு பார்க்கப் புறப்படுவார்கள். இறங்கும் மாதத்தில் பழைய நாற்காலிக்கு ஆணி அடிப்பார்கள்.

இனி, "வேலை நிரந்தரமா?" என்ற தங்கள் கேள்வி. 2023 ஜனவரியில் கூகுள் ஏறத்தாழ 12,000 பேரையும் மைக்ரோசாப்ட் 10,000 பேரையும் விலக்குவதாக அறிவித்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எங்கள் கம்பெனியிலும், மதிப்பீட்டில் உச்சஸ்தானம் பெற்ற என் பக்கத்து மேஜைக்காரர், சில வாரங்களுக்குள் ஒரு விடியற்காலையில், கணினிக்குள் நுழைய முடியாமல் போனதைக் கொண்டே தம் உத்தியோகம் போனதை அறிந்தார். அவர் இந்நாட்டுப் பிரஜை. இளைப்பாறிவிட்டு வேறிடம் தேடலாம். எச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கும் எங்களுக்கோ 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு முதலாளி அகப்படாவிட்டால் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதே. கிரீன் கார்டு வாங்கிவிடலாமே என்பீர்கள். வேலை வழியாகத் தரும் கார்டுகளில் எந்த ஒரு நாட்டாருக்கும் வருஷத்தில் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் தருவதில்லை என்பது சட்டம். ஆகையால் எங்கள் வரிசையில் 2012-இல் மனுப் போட்ட இந்தியர்களின் முறைதான் இந்த 2024 மார்ச்சில் நடக்கிறது. மாதந்தோறும் அரசாங்கம் வெளியிடும் விசா அறிக்கையை இங்குள்ள நம்மவர் பஞ்சாங்கம் போல் பார்த்துப் பலன் சொல்கிறார்கள்.

தங்கையின் விவாகத்துக்கு ஆவணியில் முகூர்த்தம் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள், மிக்க சந்தோஷம். என் பாஸ்போர்ட்டிலுள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. அங்கு வந்தால், ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத்தூதரகம் புதிய முத்திரை குத்தித் தந்தால்தான் திரும்ப முடியும். ஆதலால் முதலில் அவர்கள் எனக்கு நாள் குறிக்கட்டும். அதைத் தந்தியடித்தாற்போல் உடனே தெரிவிக்கிறேன். அதுவரை புரோகிதரைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.