திரைக்குப் பின்னால் பாதி முறுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மந்திரவாதி, ஒருத்தி திருடி, ஒருவர் கோடரி ஏந்திய குள்ளர். பகல் நேரத்தில் இவர்கள் ஏதோ ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்ப்பார்கள். மேசையின் தலைமாட்டில் மடிப்பு மடிப்பாக ஓர் அட்டைத் திரை நிற்கும். அதற்குப் பின்னால் இருப்பவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். காடு, மழை, அரசன், அரக்கன், சத்திரத்துக்காரன், சத்திரத்துக்காரனின் கோபக்கார மாமியார் எல்லாம் அவர்தான். எங்கள் குழுவில் அந்தப் பதவி எனக்கு. எதிர்த்து யாரும் மனுத்தாக்கல் செய்யவில்லை.

திரைக்குப் பின்னால் வரைபடங்களும் பொறிகளும் ஏழு தலைமுறைச் சதியும் இருப்பதாக ஆட்டக்காரர்கள் நம்புகிறார்கள். அங்கே இருப்பது பாதி கடித்த முறுக்கு, ஒரு பென்சில், பால் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். தாளில், ‘குகை. உள்ளே கிழவி. யார் இவள்?’ என்று என் கையெழுத்திலேயே என்னைக் கேள்வி கேட்டிருப்பேன். நான் திரை வாங்குவது இந்தத் தாள் வெளியே தெரியாமல் இருக்கத்தான். இது புரிந்தால் எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். புரியாதவர்கள் முகப்பில் இருக்கும் டிராகன் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்தப் படம் எதிரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், காசு கொடுத்தவருக்குத் தெரியாது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974-ல் வெளிவந்தபோது திரை என்று தனியாக ஒன்று கிடையாது. கைகாக்ஸ் தன் ஃபைல் கேபினெட்டின் இழுப்பறைகளை இழுத்துவிட்டு அதன் மறைவில் உட்கார்ந்துகொள்வாராம். ஆட்டக்காரர்களுக்கு ஆள் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அந்நாளில் அவரோடு ஆடியவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அசரீரிக்கு இரும்பு அலமாரி! பிறகு 1977-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் ‘ஜட்ஜஸ் ஷீல்ட்’ என்று ஓர் அட்டைத் திரையை விற்றது. கைகாக்ஸின் டிஎஸ்ஆர் நிறுவனம் 1979-ல் தன் சொந்தத் திரையைக் கொண்டுவந்தது.

கேபினெட் கதையை வீட்டில் சொன்னேன். “அப்ப நம்ம பீரோவைத் தள்ளிப் போட்டுக்கோங்க. அட்டைக்கு எதுக்கு இவ்வளவு காசு?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆட்டம் முடியும்வரை பட்டுப்புடவை அடுக்கின் பக்கத்தில் முறுக்கும் டீயும் இருக்கும் என்றேன். கேள்வி உடனே வாபஸ் ஆனது.

முதலில் அளவு. பெரும்பாலான திரைகளின் ஒவ்வொரு மடிப்பும் அமெரிக்க லெட்டர் தாள் அளவில், பதினொன்றுக்கு எட்டரை அங்குலம் இருக்கும். நெட்டுவாக்கில் நிற்கும் திரை பதினோரு அங்குல உயரம். நான் அப்படியொன்றும் உயரமானவன் இல்லை. குறிப்பைப் படிக்கக் குனிந்தால் முழுதாகக் காணாமல் போவேன். “அண்ணா, இருக்கீங்களா?” என்று எங்கள் குழுவின் கடைக்குட்டி மந்திரவாதி கவலையோடு கேட்பான். நடுவில் விரித்த வரைபடத்தில் ஒரு பூத பொம்மையை நகர்த்த வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க வேண்டும். பெரிய சண்டை என்றால் மறுநாள் தொடை வலிக்கும்.

படுக்கைவாக்கில் நிற்பது எட்டரை அங்குலம்தான். கை எட்டும், முகம் தெரியும், நான் குரலை மாற்றி அரக்கனாக உறுமும்போது மூக்கு விடைப்பதையும் பார்க்கலாம். ஆனால் நான்கு மடிப்பையும் விரித்தால் நாற்பத்து நான்கு அங்குலம். எங்கள் சாப்பாட்டு மேசையின் அகலம் மூன்றடி. அரைவட்டமாக வளைத்தால் அடங்குகிறது, அதாவது நான் கடுகு டப்பாக்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்னக் கோட்டைக்குள் அடங்குகிறேன். கோட்டைக்குப் பின்புறம் மதில் இல்லை என்பதுதான் இதில் பெரிய குறை. எங்கள் ஃபிரிட்ஜ் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சண்டை உச்சத்துக்கு வரும்போதெல்லாம் யாருக்காவது தாகம் எடுக்கிறது. இதற்கு இதுவரை எந்த நிறுவனமும் வழி கண்டுபிடிக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் மூக்குக்கண்ணாடி போடாதவர்கள். என் கண்ணாடியில் நிலவறை வரைபடம் அப்படியே பிரதிபலித்ததைப் பார்த்து, “இடது பக்கம் ரகசியக் கதவு இருக்குற மாதிரி எனக்குத் தோணுது” என்றாள் திருடி. அவள் பாத்திரத்தின் கூர்மையான அறிவுக்கு நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

அடுத்தது எடை. அமெரிக்கர்கள் திரையைப் பற்றி எழுதும் எதிலும் சீலிங் ஃபேன் வராது. சென்னையில் மே மாதத்தில் ஃபேன் ஐந்தில் ஓடும்போது மெல்லிய அட்டை ஒரு பக்கமாகச் சரிந்து, கிழவி யாரென்ற என் கேள்வி ஊருக்கே தெரிந்துவிடும். வர்ம்வுட் போன்ற நிறுவனங்கள் மரத்தில், காந்தம் வைத்து இழைத்துத் தருகின்றன. எந்தக் காற்றுக்கும் அசையாது. விலையைப் பார்த்தால் நாம் அசைந்துபோவோம். நான் துணி உலர்த்தும் கிளிப்பையும் இரண்டு எடைக்கல்லையும் சிபாரிசு செய்கிறேன். கிளிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. சண்டையில் யாருக்கு அடுத்து யார் என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி வரிசையாகத் திரையின் மேல்விளிம்பில் மாட்டிவிடலாம். “இப்ப யாரு? நானா?” என்று நிமிடத்துக்கொரு தரம் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கொரு தரம் கேட்பார்கள்.

திரையின் உட்பக்கம் முழுக்க அட்டவணைகள். இங்கேதான் தயாரிப்பாளர்களோடு எனக்குச் சண்டை. சுலபமான காரியத்துக்கு எட்ட வேண்டிய எண் 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20, ஏறக்குறைய நடக்காததற்கு 30 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு மாதம் டிஎம்மாக இருந்தவருக்கு இது தூக்கத்திலும் வரும். எனக்கு வேண்டியது கீழே விழுவதற்கான கணக்கு. விழும் பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை அளவு காயம், எத்தனை உயரமானாலும் இருபது பகடைக்கு மேல் போகாது. என் ஆட்டக்காரர்கள் படிக்கட்டை நம்பாதவர்கள். கோபுரத்திலிருந்து இறங்குவது என்றால் அவர்களுக்குக் குதிப்பதுதான்.

பகடையை மறைத்து உருட்டுவது பற்றி ஒரு பெரிய சர்ச்சை உண்டு. எல்லோரும் பார்க்க உருட்டுவதுதான் நேர்மை என்று ஒரு கட்சி. வின்சென்ட் பேக்கர் 2010-ல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்திலோ நடத்துகிறவர் பகடையைத் தொடவே மாட்டார், அங்கே திரைக்கு வேலை குறைவு. நான் மறைத்து உருட்டும் கட்சி. கடைக்குட்டி மந்திரவாதிக்கு முதல் ஆட்டம், உடம்பில் ஆறே புள்ளி உயிர். ஒரு பொடிப் பூதம் அம்பு விடுகிறது. திரைக்கு இந்தப் பக்கம் இருபதுமுகப் பகடை இருபதில் நிற்கிறது, தப்பவே முடியாத அடி. பையன் தன் பாத்திரத்துக்கு நான்கு பக்கம் வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டு வந்திருக்கிறான், அதில் தொலைந்துபோன ஒரு தங்கையும் உண்டு. பகடையைப் பார்த்தேன், பையனைப் பார்த்தேன். “ஏழு. அம்பு மரத்துல போய்க் குத்திடுச்சு” என்றேன். இதைப் பொய் என்பவர்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டியிருக்க மாட்டார்கள்.

சும்மா உருட்டுவது இன்னும் உயர்ந்த கலை. எதுவுமே நடக்காத வெற்று அறைக்குள் அவர்கள் நுழையும்போது இரண்டு பகடையை உருட்டி, புருவத்தை உயர்த்தி, “ம்ம்…” என்று ஏதோ குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த அரைமணி நேரம் அவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். அந்த அரைமணியில் நான் கிழவி யாரென்று யோசித்துவிடுவேன்.

கடைசியில் வாங்கியது ஹாமர்டாக் கேம்ஸ் செய்யும் வினைல் திரை. ஒவ்வொரு மடிப்பிலும் பிளாஸ்டிக் உறை இருக்கும், வேண்டிய தாளை நாமே செருகிக்கொள்ளலாம். அதன் பெயரே ‘உலகின் தலைசிறந்த திரை’. ஜிஎஸ்டி ரோட்டில் எல்லாக் கடையும் ஒரிஜினல் கும்பகோணம் டிகிரி காபி போடுவது மாதிரி என்று முதலில் நினைத்தேன். ஆனால் டீ கொட்டினால் துடைத்துவிடலாம், எடையும் தேவலை.

முதல் உறையில் பெயர்ப் பட்டியலைச் செருகினேன். அதற்கு முன்பெல்லாம் ஆட்டக்காரர்கள் யாரையாவது சுட்டி “இவர் பேர் என்ன?” என்று கேட்டால், சமையலறை அலமாரிதான் எனக்கு அகராதி. அப்படித்தான் எங்கள் உலகத்தில் எல்ஃப் இளவரசி பாம்பினோவும், ரத்தவெறி பிடித்த ஓர்க் தளபதி ஹார்பிக்கும் பிறந்தார்கள். இப்போது மனிதர், எல்ஃப், குள்ளர் என்று வகைக்கொரு பத்தியாகப் பெயர்கள் தயார்.

டிராகனைக் கொல்ல மலையேறும் வழியில் ஓர் இடையனைப் பார்த்தார்கள். பெயர் கேட்டார்கள். பட்டியலைப் பார்த்துக் கம்பீரமாகச் சொன்னேன். அடுத்து குள்ளர், “அந்த ஆட்டோட பேரு?” என்றார். ஆட்டுக்குப் பத்தி இல்லை. உட்புறத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவி, எங்கோ எழுதியிருப்பதைப் படிப்பதுபோல் சற்று நிறுத்தி, “பேரைச் சொல்ற அளவுக்கு அது இன்னும் உங்களை நம்பலை” என்றேன்.

அன்று இரவு பதினொரு மணிவரை நான்கு வீரர்களும் ஆட்டின் நம்பிக்கையைப் பெறப் பாடுபட்டார்கள். மந்திரவாதி தன் கடைசி மந்திரத்தையும் அதற்கே செலவழித்தான். டிராகனுக்கு அன்றைக்கு லீவு.