பறப்பது ஒருவர், பேர் யாருக்கு?
மலையகத்தில் பிறருக்கு டிக்கெட் போடுதலும் அதன் மைல்களும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

அட்டனுக்கு மேலே, மூடுபனி விலகினால் மட்டும் தெரியும் தோட்டமொன்றில் என் சித்தப்பா இருக்கிறார். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட விமானம் ஏறாதவர். ஆனால் அவருடைய கைப்பேசி வழியாகப் பறந்தவர்களைக் கூட்டினால் ஒரு பஸ் நிறையும், ஃபுட்போர்டிலும் இருவர் தொங்குவார்கள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், திருச்சியில் சொந்தம் தேடிப் போகும் பெரியவர்கள், மாலை போட்ட சாமிமார் என்று யார் வந்தாலும் டிக்கெட் போடுவது அவர்தான்.

ஒரு நாள் அவர் கேட்ட கேள்வியே இந்த ஆய்வின் வித்து: “இவ்வளவு பேரை அனுப்பி வைச்சேனே, அந்த மைலெல்லாம் எங்கப்பா போகுது?”

2. கலைச்சொல் விளக்கம்

மைல்: மலையகத்தில் இச்சொல் ‘மைல் கட்டை’யாகத் தெருவோரம் நிற்பது. விமானத் துறையில் அது தூரமன்று, ஒரு வகை நாணயம். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதை அட்வான்டேஜ் என்ற பெயரில் பெரிய அளவில் புழக்கத்துக்கு விட்டது. நம் நாட்டில் ஸ்ரீலங்கன் விமான சேவைக்கு ஃப்ளைஸ்மைல்ஸ் திட்டம் இருக்கிறது. அந்நிறுவனம் 2014இல் ஒன்வேர்ல்ட் கூட்டணியிலும் சேர்ந்துகொண்டது.

பேர்: தோட்டத்தில் இது ஒருவரை அழைக்கும் சொல் மட்டுமன்று, ஒரு நாள் சம்பளத்தின் அலகு. கொழுந்து நிறை சரியாக இருந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். இந்த ஆய்வின் பாதிக் குழப்பம் இச்சொல்லில்தான் இருக்கிறது.

3. நவீனக் கோட்பாடு: உட்கார்ந்தவருக்கே பேர்

விமான நிறுவனங்களின் பொது விதி எளியது. மைல், இருக்கையில் உட்கார்ந்தவருக்கு. காசு கட்டியவருக்கோ டிக்கெட் போட்டவருக்கோ இல்லை. பயணியின் பெயரும் உறுப்பினரின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

சித்தப்பா இதை அனுபவத்தால் கற்றார். ஒரு விமான நிறுவனத்தில் உறுப்பினராகி, அந்த எண்ணை ஊரார் டிக்கெட்டிலெல்லாம் தவறாமல் போட்டு வந்தார். ஓராண்டு கழித்துக் கணக்கைத் திறந்தால் பூச்சியம். பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிறுவனம் பணிவோடு பதில் எழுதியது. அவருடைய மறுப்புரையை அப்படியே பதிவு செய்கிறேன்:

“டிக்கெட் போட்டவன் நான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஓடிபி வருதான்னு சிக்னல் தேடி மேட்டுல ஏறி நின்னவனும் நான். முழுப் பேரு வேணாம், ஒரு அரைப்பேராச்சும் போடக் கூடாதா?”

கள ஆய்வில் இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. சித்தப்பாவிடம் கிரெடிட் கார்டு இல்லை. எல்லா டிக்கெட்டும் பாடசாலை மாஸ்டரின் கார்டில்தான் போடப்பட்டன. கார்டுப் புள்ளிகள் கார்டு வைத்திருப்பவருக்கு. ஆக, உழைப்பு சித்தப்பாவுக்கு, மைல் பயணிக்கு, புள்ளி மாஸ்டருக்கு. மாஸ்டர் அதில் ஒரு டோஸ்டர் வாங்கியிருப்பதாகத் தெரிகிறது.

மாலை போட்ட சாமிமாரைக் கூட்டிப் போகும் குருசாமியின் நிலை தனி. கூட்டமாகப் போடும் சலுகை டிக்கெட்டுகளுக்குப் பல திட்டங்களில் மைல் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. கன்னிச்சாமியின் புண்ணியத்தில் குருசாமிக்குப் பங்குண்டா என்பது சமய அறிஞர்கள் தீர்க்க வேண்டியது. மைலில் பங்கில்லை என்பதை மட்டும் இங்கே உறுதி செய்யலாம்.

4. தொல்கோட்பாடு: அனுப்பியவருக்கே காசு

சித்தப்பாவின் கோரிக்கை புதுமையானதன்று. பிறரைப் பயணம் செய்ய வைத்து, அந்தப் பயணத்தின் பலனைத் தன் பேரில் வரவு வைக்கும் முறை இம்மலையில் நூறு ஆண்டுக்கு மேல் சிறப்பாக நடந்தது. அத்திட்டத்தின் பெயர் கங்காணி முறை.

உறுப்பினர் சேர்க்கை: பெரிய கங்காணி தமிழகத்திலுள்ள தன் ஊருக்குப் போய், தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆள் கட்டியதாக ஊர்க்கதை. போனஸ் மைல் விளம்பரத்தின் மூதாதை இதுவே.

வழித்தடம்: தொடக்க காலத்தில் பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு கால்களுக்குச் சற்று ஓய்வு. இடையில் மண்டபம் முகாம். இன்றைய டிரான்சிட் லவுஞ்சுக்கு நிகரான இடம்தான், பஃபேக்குப் பதிலாக நோய்த் தடுப்புக் காவல்.

உறுப்பினர் அட்டை: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லை. தோட்டத்துக்குரிய எண் பொறித்தது. அட்டையைப் பயணியே சுமப்பார் என்பதில் இரு திட்டங்களும் ஒன்று. ஆனால் அந்த எண் பயணியுடையதன்று, அவர் போய்ச் சேர வேண்டிய தோட்டத்துடையது. விமானத்தில் அத்தகைய எண்ணைப் பெட்டியில்தான் கட்டுவார்கள்.

வரவு வைத்தல்: இங்கேதான் திட்டத்தின் நுட்பம். வழிச்செலவு முழுதும் பயணியின் கணக்கில் கடன். அவர் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து பேர் வாங்கும் ஒவ்வொரு நாளும், ஆளொன்றுக்குச் சில சதம் கங்காணிக்குத் தலைக்காசு, பென்ஸ் காசு. ஒருமுறை அழைத்து வந்தால் போதும், பிறகு அவர் செடி செடியாக நடக்கும் தூரமெல்லாம் கங்காணிக்கு மைல். எந்த விமான நிறுவனமும் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

மாற்றத்தக்க தன்மை: ‘துண்டு’ என்றொரு சீட்டு. இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதித் தருவது. அதைக் காட்டி வேறு தோட்டத்துக்குப் போகலாம். புதிய துரை பழைய கடனை அடைப்பார், புதிய கடன் தொடங்கும். இன்று புள்ளிகளை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறோம். அன்று புள்ளி சேர்த்துக் கொடுத்த பயணிகளையே மாற்றினார்கள். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது.

5. திரும்பும் டிக்கெட்

எந்த ஆய்விலும் திரும்பு பயணத்தைத் தனியே கவனிக்க வேண்டும். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கேயே என்று பங்கு பிரிக்கப்பட்டது. உலக வரலாற்றில் ஒரே மேசையில் இருவர் சேர்ந்து பிறருக்குப் போட்ட மிகப் பெரிய குழு டிக்கெட்டுகளில் ஒன்று அது. பயணிகளை யாரும் கேட்கவில்லை. அட்டனிலும் நானுஓயாவிலும் ஏறியவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.

2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து, ஒரு கூட்டம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தது. சுமார் 250 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 155 மைல். கொழும்பிலிருந்து திருச்சிக்கு வான்வழியே சுமார் 260 மைல். முன்னோர் காலால் நடந்த தூரம் ஒரு திருச்சி டிக்கெட்டில் பாதிக்கு மேல் வரும். அந்த மைலைப் பின்தேதியிட்டு யார் கணக்கிலாவது வரவு வைக்க விதியில் இடமுண்டா என்று தேடினேன். பயணம் முடிந்து சில மாதங்களுக்குள் கோர வேண்டுமாம், போர்டிங் பாஸும் வேண்டுமாம்.

6. முடிவு

மேற்கண்டவற்றைச் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கங்காணிப் பகுதி வந்ததும் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் கேட்டது பென்ஸ் காசா?”

கோட்பாட்டளவில் ஆம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, என் பேரில விழாத மைலு அவங்க பேரில விழுந்துச்சா?” என்றார்.

அது இந்த ஆய்வு கவனிக்கத் தவறிய இடம். விழவில்லை. குவைத்துக்குப் போன பெண்கள் யாரும் உறுப்பினரே இல்லை. உட்கார்ந்தவருக்கே பேர் என்று விதி இருக்கிறது, உட்கார்ந்தவருக்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியாது.

இப்போது அவர் டிக்கெட் போடுமுன் பயணிக்கு ஒரு கணக்கைத் திறக்கிறார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுத்துக் கூட்டி அடித்து, உறுப்பினர் எண்ணைக் கொப்பித் தாளில் எழுதிக் கிழித்துக் கையில் தருகிறார். போன மாதம் பக்கத்து லயத்து அக்கா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்ன மாமா?”

“ஒன் கணக்கு. நீ போற தூரமெல்லாம் இதுல ஏறும்.”

அவள் முகம் மாறியது.

“எவ்வளவு மாமா நான் கட்டணும்?”