அக்காளுக்கு எத்தனை ‘ஏ’?

கேள்வி: மல்லிகை நாற்று விற்க இணையதளம் தொடங்கலாம் என்றால், நினைத்த ‘டாட் காம்’ பெயரெல்லாம் போய்விட்டதே?
– வாசகர், அக்காள்மடம்

பதில்: முந்தியவருக்குத்தான் பெயர். நாலெழுத்து ‘டாட் காம்’ அத்தனையும் 2013-க்குள் தீர்ந்துவிட்டன. மல்லிகைக்காக மல்லுக்கட்டாதீர்கள், ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அக்காளும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்து ஊராக இருக்கும் அழகு வேறு எங்கே உண்டு? ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘அக்காள்’ நடுவே ‘ஏ’ ஒன்றா, இரண்டா? போனில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். பிழையில்லாமல் அடித்தால் அதுதான் நல்ல பெயர். தமிழ் எழுத்தில் இந்தக் குழப்பமே இல்லை. ‘.இந்தியா’ என்ற தமிழ் முடிவு 2011-லேயே வந்துவிட்டது, அதையும் பாருங்கள். எதுவானாலும் உங்கள் பெயரில் பதியுங்கள், தளம் செய்து தருபவர் பெயரில் வேண்டாம். பதிவின் கெடு முடியுமுன் புதுப்பித்துவிடுங்கள்.