எட்டுத் தூண், மூன்று கால்

(இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடற்கரையைப் பற்றியவை.)

கேள்வி: 'ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ்' என்கிறார்கள். எத்தனை முறை எண்ணினாலும் பன்னிரண்டு வரவில்லையே?

பதில்: உங்கள் கணக்கு சரி, பெயர்தான் தாராளம். முன்பு 'தாய்ப்பன்றியும் குட்டிகளும்' என்று அழைக்கப்பட்ட இந்தச் சுண்ணாம்புக்கல் தூண்களுக்கு அப்போஸ்தலர் பதவி கிடைத்தபோதும் இருந்தவை ஒன்பதுதான். 2005 ஜூலை 3 அன்று, சுமார் 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று சில நொடிகளில் சரிந்து கற்குவியலானது. மிச்சம் எட்டு. 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: படம் எடுக்கப் போகிறவனுக்குப் புவியியல் எதற்கு?

பதில்: எங்கே நிற்பது என்று அதுதான் சொல்லித்தரும். கடல் ஓங்கல், கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரே கரையில் நிற்கிறது. அலை ஓங்கலின் அடியைக் குடைந்தால் குகை. குகை மறுபக்கம் திறந்தால் வளைவு. வளைவின் கூரை விழுந்தால் தூண். ஓங்கலில் ஓடும் அதே படிவுக் கோடுகள் தூணிலும் ஓடும். தூணை மட்டும் நெருக்கி எடுக்காமல், ஓரத்தில் ஓங்கலையும் சேருங்கள். தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தினால்தானே சாயல் தெரியும்?

கேள்வி: மெல்பர்னில் காலையில் கிளம்பி, நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். படமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. கேமராவை மாற்றவா?

பதில்: கடிகாரத்தை மாற்றினால் போதும். முதல் நாளே போய் போர்ட் கேம்பெல் ஊரில் தங்கிவிடுங்கள். விடியலில் பார்வைமேடையிலிருந்து மேற்கே நோக்கினால், முதுகுக்குப் பின்னிருந்து வரும் இளவெயில் தூண்களைப் பொன்னாக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்மேற்கே கடல் பக்கம் இறங்கும். அப்போது தூண்கள் கருநிழல் உருவங்களாகும். சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டாதீர்கள், இன்னும் 20 நிமிடம் நில்லுங்கள். வானம் ஊதாவாகும் அந்த நேரத்தில்தான் சிறு பென்குவின்கள் கரையேறும். அவற்றின் மீது ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். வீடு திரும்புகிறவர் கண்ணில் விளக்கடிப்பது நல்ல பழக்கமில்லை.

கேள்வி: சிலர் படத்தில் கடல் பாலாய் உறைந்திருக்கிறது. எனக்கு மட்டும் அலை அலையாகவே விழுகிறது!

பதில்: லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுங்கள். பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். 1/60 நொடியில் எடுக்க வேண்டிய படத்துக்குச் சுமார் 16 நொடி கிடைக்கும். அலைகள் கரைந்து பனிமூட்டமாகிவிடும். அத்தனை நேரம் ட்ரைபாட் அசையக் கூடாது. தென்கடல் காற்று சும்மா விடாது. மூன்று கால்களையும் அகல விரித்துத் தாழ நிறுத்துங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஆனால் எல்லாப் படத்திலும் பால் வேண்டாம். தூணை அறுப்பது இந்த அலைதான். 1/1000 நொடியில் அது பாறையில் மோதிச் சிதறுவதையும் எடுங்கள். குற்றவாளியின் முகமும் பதிவாகட்டும்.

கேள்வி: லென்ஸில் படியும் சாரலைத் துப்பட்டாவால் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சாரல் காய்ந்தால் உப்பு; உலர்ந்த துணியால் தேய்த்தால் அது கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் முதலில் ஒற்றி எடுங்கள், பிறகு உலர்ந்த துணி. அறைக்கு வந்ததும் ட்ரைபாட்டின் கால்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: ட்ரோன்?

பதில்: இது தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது.

கேள்வி: வேலியைத் தாண்டி இரண்டடி போனால் அருமையான கோணம் கிடைக்கிறது. போகலாமா?

பதில்: வேண்டாம். 1990 ஜனவரி 15 அன்று, இதே கரையில் 'லண்டன் பிரிட்ஜ்' என்ற இரட்டை வளைவின் கரையோர வளைவு இடிந்து விழுந்தது. சற்று முன் அதன்மேல் நடந்து போன இருவர் கடல் நடுவே தனித்தீவில் நின்றார்கள், ஹெலிகாப்டர்தான் மீட்டது. அவர்கள் நடந்தபோதும் பாறை உறுதியாகத்தான் தெரிந்திருக்கும். கீழிருந்து கோணம் வேண்டுமா? கிப்சன் படிகள் திறந்திருக்கும் நாளில் 86 படி இறங்குங்கள். அலையேற்ற நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்; ஓங்கலின் அடியில் நிற்காதீர்கள்.

கேள்வி: இந்த இடத்தை எத்தனையோ பேர் எடுத்துவிட்டார்கள். நான் எடுத்து என்ன ஆகப்போகிறது?

பதில்: அவர்கள் எடுத்தது அன்றைய கடற்கரையை. 1980களில் ஒரு குடும்பம் லண்டன் பிரிட்ஜ் முன்னால் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட சாதாரணப் படத்தைப் பாருங்கள். பின்னணியில் இருக்கும் வளைவு இன்று எங்குமில்லை. அந்த ஆல்பம்தான் அதற்கு முகவரி. லாக் ஆர்ட் பள்ளத்தாக்கில் ஒரு வளைவு 2009இல் விழுந்து, இரு தூண்கள் மிஞ்சின. 1878இல் லாக் ஆர்ட் கப்பல் உடைந்து 52 பேர் மாண்டபோது உயிர் தப்பிய இருவரின் நினைவாக அவற்றுக்கு டாம், ஈவா என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவையும் ஒருநாள் போகும். அதனால் எடுங்கள். படத்தோடு தேதியையும், நின்ற இடத்தையும் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்துப் பிள்ளைகளோடு அதே இடத்தில் நின்று, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ணுங்கள்.