அணிலுக்கு ஓர் அஸ்திரம்

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் வளை தோண்டி வசித்து, அபாயம் கண்டால் குரைப்பதனாலேயே ‘புல்வெளி நாய்’ என்று நாமம் பெற்றதும், வாஸ்தவத்தில் அணில் வர்க்கத்தைச் சேர்ந்ததும், ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவதே அபூர்வமானதுமான ஓர் அற்பப் பிராணியைச் சம்ஹாரம் செய்ய எந்தத் தோட்டா உசிதம் என்ற விசாரம், நமது துவைத அத்வைத வாதங்களைப் போல முடிவற்றது.

‘.22 ஹார்னெட்’ தோட்டாவின் பக்தர்கள் இருநூறு கஜத்துக்குள் திருப்தியடையும் அடக்கசீலர்கள். 1935-இல் வின்செஸ்டர் கம்பெனியார் வெளியிட்ட ‘.220 ஸ்விஃப்ட்’டோ, மூன்று கிராம் குண்டை விநாடிக்கு நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட வேகத்தில் ஏவி, அணிலின் ஆயுளோடு துப்பாக்கிக் குழலின் ஆயுளையும் குறைப்பதென்று பெயரெடுத்தது. 1950-இல் ரெமிங்டனின் ‘.222’ வந்து சமரசம் பேசிற்று; 2004-இல் ‘.204 ரூகர்’ பிறந்து, ஆறியிருந்த சண்டையைக் கிளறிவிட்டது.

குன்றிமணியில் பாதியளவான ‘கிரெயின்’ கணக்கிலே, அதையும் பத்தாகப் பிளந்து, நள்ளிரவு வரை தன் தோட்டாவுக்கு வெடிமருந்தை நிறுத்துக்கொண்டிருக்கும் வேட்டைக் கனவான், அணில் தின்ற புல்லின் விலையை மட்டும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அது அநாகரிகம் என்று கருதுகிறார் போலும். அணிலோ அந்நேரம் வளைக்குள் சுகமாக நித்திரை செய்கிறது.