ஜெராக்ஸ் வள்ளல்

வாப்பா மருமகனே! முல்லைக்குத் தேரக் குடுத்தவன் பாரி. ரோட்டோரம் குடை நட்டு சிம் விக்கிறவன், ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு மலை ஏறுற ஜீப்புக்கு ஆள் சேக்குறவன், சீட்டுக்காரன்னு கேட்டவனுக்கெல்லாம் ஆதார் ஜெராக்ஸக் குடுக்குற நீ அவனுக்கும் ஒரு படி மேல.

காசு கட்டித் தபால்ல வரவழச்ச பிளாஸ்டிக் கார்டு பீரோவுல சேலைக்கு அடியில தூங்குது. 2020-லருந்து வர்ற கார்டு. ஹாலோகிராம், லென்சு வச்சாத் தெரியிற பொடி எழுத்து, பின்னிப் பின்னி ஓடுற கோடு, மங்கலா இன்னொரு மூஞ்சி. போலி அடிக்கிறவன் திணறட்டும்னு செஞ்சது. ஜெராக்ஸ் மெசினுக்கு ஹாலோகிராமக் கண்டா பயமா? அத விட்டுட்டு நம்பரு, பொறந்த தேதி, விலாசத்த மட்டும் பளிச்சினு எறக்கிக் குடுக்கும். திருடனுக்கு வேண்டியதும் அம்புட்டுத்தான்.

2022 மே மாசம் பெங்களூரு ஆதார் ஆபீசு, கண்டவுகளுக்கும் நகல் குடுக்காதீகன்னு அறிக்கை விட்டுச்சு. ஆளுக தப்பா வெளங்கிக்கிருவாகன்னு ரெண்டே நாள்ல வாபசும் வாங்கிருச்சு. நீ வாபச மட்டும் படிச்சிருப்ப.

கடைசி நாலு எண்ணு மட்டும் தெரியிற ஆதாரு, ஆதார் ஆணையத்தோட சைட்டுலயே சும்மா கெடைக்கி. லாட்ஜுக்காரனுக்கு அத நீட்டு. முழுசாத்தான் வேணும்னு எவனாச்சும் ஒத்தக்கால்ல நின்னா, யாருக்கு, எதுக்கு, என்னைக்குன்னு நகல் மேலயே குறுக்க எழுது. கொஞ்சம் படத்து மேலயும் ஏறட்டும், உன் அழகு ஒண்ணும் கொறஞ்சுராது.

மாடி வீட்டுக்குக் குடிவந்தவன் கார்ட நீட்டுனதும் சாவியத் தூக்கிக் குடுத்தியே! டீக்கடையில கியூஆர ஸ்கேன் பண்ணத் தெரியிற ஆளுக்கு, கார்டுல இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையோ? பேரு, விலாசம், போட்டோ எல்லாம் ஆணையத்தோட மின் கையெழுத்தோட அதுக்குள்ள கெடக்கு. வெளிய இருக்கிற படத்த எவனும் மாத்தி ஒட்டலாம், உள்ள கைய வச்சா கையெழுத்து காட்டிக் குடுத்துரும். பணம் அனுப்புற ஆப்புல பாத்துட்டு ஒண்ணும் வரலன்னு என்கிட்ட வராத. ஆதார் ஆப்புலதான் பாக்கணும்.

கைரேகையவும் அந்த ஆப்புலயே பூட்டி வைக்கலாம். 2018-ல தெலங்கானாவுல ஒருத்தன், பத்திரப்பதிவு சைட்டுல கெடந்த பத்திரத்துலருந்து ரேகைய அச்செடுத்து ஆயிரக்கணக்குல சிம் ஓட விட்டான். உனக்கென்ன கவல? ஏலக்கா எடுத்து எடுத்துத் தேஞ்ச உன் ரேகைய ரேசன்கடை மெசினே மதிக்க மாட்டேங்குது.

எதுக்கும் தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி சைட்டுல உன் நம்பரப் போட்டுப் பாரு. ஒரு ஆளு பேருல ஒம்பது சிம் வரைக்கும் விடுவாக. அதுல உன்னுது எத்தன, எவனோ உன் பேருல வாங்குனது எத்தனன்னு வெளிச்சமாயிரும். உன்னுது இல்லாதத அங்கயே சொல்லி வெட்டி விடு. காசு போயிருந்தா அன்னைக்கே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போனப் போடு, பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும் மருமகனே. வீட்டுக்குத் தெரியாம நீயா வாங்கி வச்சிருக்கியே, அந்த சிம்மும் பட்டியல்ல வரும். பொண்டாட்டி பக்கத்துல இல்லாதப்ப பாரு.